மூன்று செட்

இரத்தினசிங்கத்தின் வலது கை தோளுக்கு மேலே போகாமல் இரண்டு மாதமாயிற்று. துறைமுகத்தடிக் களஞ்சியத்தில் இருபத்திரண்டு வருடம் லொறிகளுக்குக் கோதுமை மா மூடை ஏற்றிய கை அது. பலகையில் வழுக்கி விழுந்தான். தோள் வீங்கி, வீக்கம் வற்றி, கடைசியில் மூட்டு இறுகிப்போய்விட்டது. தலை சீவுவதற்குக்கூட அந்தக் கை எழும்பவில்லை.

சுப்பவைசர் பொல்லாத மனிதரில்லை. "கை காதுக்கு மேல போகுதெண்டு ஆஸ்பத்திரித் துண்டு கொண்டு வா. ஆறு கிழமை பாப்பன். அதுக்குப் பிறகு உன்ர இடத்துக்கு ஆள் போடாமல் ஏலாது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் கீர்த்தனி என்கிற பிசியோ மிஸ் படம் போட்ட தாள் ஒன்று கொடுத்தாள். சுவரில் விரல்களை நடத்தி ஏற்றுவது ஒன்று. குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஆட்டுவது ஒன்று. தடியொன்றை இரண்டு கையாலும் பிடித்து உயர்த்துவது ஒன்று. கீழே பேனையால் எழுதியிருந்தாள்: ஒவ்வொன்றும் பத்துத் தரம். மூன்று செட். தினமும்.

களஞ்சியத்தில் செட் என்றால் ஆட்கள். எட்டுப் பேர் ஒரு செட். ஒரு செட் ஒரு லொறியை நிரப்பிவிட்டு இறங்கும், அடுத்த செட் ஏறும். முதல் செட் இறங்காமல் இரண்டாம் செட் மூடையில் கை வைக்காது. அது அங்கே சட்டம் மாதிரி.

"மூண்டு செட்டாச் செய்யட்டாம்" என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னான். "எனக்கு இப்ப எங்க செட் கிடக்கு? எங்கட செட்டே ஏழு பேரோட நிக்குது."

சிவாஜினியும் மூடைக்காரனோடு குடும்பம் நடத்தியவள். அவளுக்கும் வேறு அர்த்தம் தோன்றவில்லை.

தாள் அலுமாரிக்கு மேலே போயிற்று. அவன் பாயில் கிடந்தான். பாலையூற்றில் அவர்கள் கட்டிய வீட்டுக்கு இன்னும் பூச்சு இல்லை. சீமெந்துக் கல் வரிவரியாகத் தெரியும். அந்த வரிகளைப் பார்த்தபடி படுத்திருப்பான், சாப்பிட எழும்புவான், திரும்பப் படுப்பான். தாடி மழிக்கவில்லை. போனை எடுக்கவில்லை. ஒரு காலை, குசினிக்குள் தேங்காய் திருவிக்கொண்டிருந்தவளுக்குக் கேட்கும்படி, "நான் இல்லாட்டி உனக்கு ஒரு கரைச்சல் குறையும்" என்றான்.

திருவுவது நின்றது. அவள் கையைக் கழுவி, அலுமாரிக்கு மேலிருந்த தாளை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

அன்று பின்னேரம் ஐந்து மணிக்கு விறாந்தையில் ஆட்கள் நின்றார்கள். பக்கத்து வீட்டு ஜெயரூபி, நாள் முழுக்கத் தையல் மெசினில் குனிந்து குனிந்து கழுத்துத் திரும்பாமல், கையும் முழுக்க எழும்பாமல் போனவள். அடுத்தவன் முத்தலிப், களஞ்சியத்தில் இரத்தினசிங்கத்தின் செட் ஆள். வேலை முடிந்து கிண்ணியாவுக்குப் போகிற வழியில் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்திருந்தான்.

"நானும் அவரும் முதல் செட்" என்றாள் சிவாஜினி. "ஜெயரூபி ரெண்டாம் செட். முத்தலிப் அண்ணை மூண்டாம் செட்."

"ஒரு ஆள் ஒரு செட்டோ, தங்கச்சி?" என்றான் முத்தலிப்.

"ஆள் தட்டுப்பாடு."

இரத்தினசிங்கத்துக்கு வெட்கமாக இருந்தது. "மூடை இல்லாமச் சும்மா கையத் தூக்கிறது விசரன்ர வேலை."

"சும்மாதான் தூக்கு, மச்சான்" என்றான் முத்தலிப். "ஆமிச் செக்பொயின்ற்ல கைய எத்தின வருசம் சும்மா தூக்கினம். அப்ப ஒருத்தரும் விசரன் எண்டு சொல்லல்லையே."

ஜெயரூபி முதலில் சிரித்தாள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அவன் சுவரடிக்குப் போய் நின்றான். விரல்கள் நண்டு மாதிரி ஊர்ந்து ஆறாவது கல் வரி வரை போயின. அங்கே தோளுக்குள் கத்தி இறங்கினதுபோல வலித்தது. ஜெயரூபி தையல் சோக்கால் அந்த இடத்தில் கோடு போட்டாள். பிறகு தன் கோட்டையும் முத்தலிப்பின் கோட்டையும் போட்டாள்.

சட்டம் வைத்தவளும் அவள்தான். நேற்றைய கோட்டைத் தாண்டாத செட் தேத்தண்ணி போடவேண்டும். நல்ல சட்டம், ஆனால் ஒரு பிழை. முத்தலிப்பின் கை முதல் நாளே கூரைச் சீற்றைத் தொட்டுவிட்டது. அதற்கு மேலே ஏற இடமில்லை. ஒவ்வொரு நாளும் அவனே குசினிக்குப் போனான்.

"சுகமான கைக்குத் தண்டனையா? இது என்ன நியாயம்?"

"சீனியக் கூடப் போடாதீங்கோ அண்ணை" என்றாள் ஜெயரூபி. "நேற்றுச் சீனிப் பாணி குடிச்ச மாதிரி இருந்தது."

கோடுகள் ஏறின. விரற்கடை விரற்கடையாகத்தான், ஆனாலும் ஏறின. மூன்றாம் கிழமை ஏழாவது வரி தாண்டியது. ஐந்து மணிக்கு முன்பே அவன் தாடி மழித்துவிட்டு நிற்கத் தொடங்கினான். குனிந்து கையை ஆட்டும்போது சிவாஜினி லொறிக்கு மூடை எண்ணுகிறவரின் குரலில் "ஒண்டேய், ரெண்டேய்" என்று இழுப்பாள். பத்துக்குப் பிறகு வேண்டுமென்றே திரும்ப ஒன்பது சொல்லுவாள்.

நாலாம் கிழமை முத்தலிப் தெரியாமல் வாயை விட்டான். "உன்ர இடத்தில ஒருத்தன் வந்து மூடை தூக்கிப் பாக்கிறான். நல்ல உடம்பு."

அடுத்த நாள் இரத்தினசிங்கம் எழும்பவில்லை. ஐந்து மணியாயிற்று. சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தான். வெளியே மோட்டார் சைக்கிள் வந்து நின்ற சத்தம், ஜெயரூபியின் செருப்புச் சத்தம். பிறகு பேச்சில்லை. கால் மணித்தியாலம் போயிற்று.

"என்ன செய்யினம்?" என்று கேட்டான்.

"இருக்கினம்" என்றாள் சிவாஜினி.

"செய்யச் சொல்லு."

"முதல் செட் இறங்கேல்ல. அவை எப்படித் தொடுறது?"

அவன் கண்ணை மூடினான். விறாந்தையில் கதிரை கிரீச்சிட்டது. ஜெயரூபி, நாளைக்குக் கொடுக்கவேண்டிய மூன்று சட்டை மெசினில் கிடக்கிறது என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள். முத்தலிப் மஃரிப் தொழுகைக்கு முன்னம் வீட்டுக்குப் போகவேண்டியவன். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாளும் இரத்தினசிங்கம் தன் பின்னால் வரும் செட்டைக் காக்க வைத்ததில்லை. உடம்பு முழுக்க ஈயம் ஊற்றினதுபோலிருந்தது. இடது கையை ஊன்றி எழும்பினான்.

"லொறி மறிச்சு நிக்குது, மச்சான்" என்றான் முத்தலிப், முகத்தைப் பார்க்காமல்.

"கத்தாத. ஏறுறன்."

அன்று கோடு ஏறவில்லை. முதல் முறையாக அவனே இடது கையால் தேத்தண்ணி போட்டான். சாயம் போதாது என்று மூன்று பேரும் குறை சொல்லிக்கொண்டே குடித்தார்கள்.

ஆறாம் கிழமை கிளினிக்கில் கீர்த்தனி அவன் கையை உயர்த்தச் சொன்னாள். கை காதைத் தொட்டது. கொஞ்சம் நடுங்கி, நாலு விரற்கடை மேலேயும் போயிற்று.

"நல்லா வந்திருக்கு. மூண்டு செட்டும் செய்தனீங்களோ?"

"ஓம் மிஸ். முதல் செட் நானும் மனிசியும். ரெண்டாவது பக்கத்து வீட்டுப் பிள்ளை. மூண்டாவது கிண்ணியா ஆள்."

அவள் பேனையை வைத்துவிட்டு அவனையே பார்த்தாள். விளங்கியதும் சிரிப்பை அடக்க வாயைப் பொத்தினாள். "ஐயா, செட் எண்டால் நீங்கள் ஒராளே பத்துத் தரம் செய்து, மூச்சு வாங்கி, திரும்பச் செய்யிறது. மூண்டு முறை. ஆள் தேவையில்லை."

அவன் முகம் சூடாயிற்று. அவள் துண்டு எழுதினாள்: கை காதுக்கு மேலே போகிறது, இன்னும் ஆறு கிழமைக்கு மூடை தூக்கக்கூடாது, இலேசான வேலை செய்யலாம். வீட்டுப் பயிற்சி தொடரவேண்டும், அதே மூன்று செட்.

துண்டைச் சுப்பவைசரிடம் காட்டினான். அவர் இரண்டு தரம் வாசித்தார். "அதுவரைக்கும் சாக்கு வாய் தைக்கிற மெசினடியில நில். திங்கக்கிழமை வா" என்றார். சாக்கு வாய் தைப்பது மூடைக்காரனுக்குப் பெருமையான வேலையில்லை. என்றாலும் அது உள்ளே. வாசலுக்கு வெளியே இல்லை.

வீட்டுக்கு வரும்போது ஐந்து தாண்டிவிட்டது. மூன்று பேரும் விறாந்தையில் இருந்தார்கள். ஜெயரூபியின் கையில் சோக்கு. இப்போது அவள் கழுத்தைத் திருப்பித்தான் அவனைப் பார்த்தாள்.

"திங்கக்கிழமை போறன். மெசினடியில" என்றான். முத்தலிப் அவன் முதுகில் ஒன்று போட்டான்.

"மிஸ் என்ன சொன்னவ?" என்றாள் சிவாஜினி.

இரத்தினசிங்கம் சட்டையைக் கழற்றிக் கதிரையில் போட்டான். சுவரில் ஒன்பதாவது வரியிலிருந்த கோட்டை அண்ணாந்து பார்த்தான்.

"இன்னும் ஆறு கிழமையாம்" என்றான். "மூண்டு செட்டும் கட்டாயமாம்."