கேட்காமல் கட்டிய நூல்

சலவைக்கடை அம்மாவுக்கு ஒரு வாரமாக இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்துவிடுவார், எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று மறந்து மறுபடி உட்காருவார். கடையில் ஒருவருடைய கோட்டை இன்னொருவருக்குக் கொடுத்தனுப்ப, அந்த மனிதர் தோளில் ஏறாத கோட்டோடு திரும்பி வந்து நின்றார்.

எல்லாம் உயில் படுத்துகிற பாடு. "எழுதறதுக்கு முன்னாடி பிள்ளைங்ககூட உட்கார்ந்து பேசிடுங்கம்மா" என்று வக்கீல் சொல்லியிருந்தார். நல்ல யோசனைதான். ஆனால் பேசுவது அம்மாவுக்கு வராத வேலை. அவருடைய அப்பாவும் அப்படித்தான். யாருக்கு என்ன என்று மனசுக்குள்ளேயே பங்கு போட்டுவிட்டு, வாயைத் திறக்காமலே கண்ணை மூடிவிட்டார். உயிலைப் படித்த அன்று அக்கா இந்த வீட்டு வாசலில் நின்று, "இனிமே உன்கூடப் பேசமாட்டேன்" என்றாள். சொன்ன சொல் தவறாதவள். இன்றைக்கும் கடைத்தெருவில் தங்கையைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறாள். அந்தக் கதி தன் மூன்று பிள்ளைகளுக்கும் வந்துவிடக் கூடாது. அம்மாவை உட்காரவிடாமல் செய்தது அந்த ஒரே பயம்தான்.

வாய் வராதவருக்குக் கை வந்தது. துணி மாறிப்போகாமலிருக்க, கடையில் ஆளுக்கொரு நிறத்தில் நூல் கட்டுவார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஊரார் துணியோடு அவர்கள் சட்டையும் கலந்துவிடாமல் இருக்க, பெரியவனுக்குச் சிவப்பு, நடுவில் பிறந்த மகளுக்கு நீலம், சின்னவனுக்குப் பச்சை என்று காலரில் தைத்து வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மூவரையும் சாப்பிட வரச் சொல்லிவிட்டு, காலையிலேயே நூல் பெட்டியுடன் வீட்டைச் சுற்றி வந்தார். நகைப்பெட்டிக்கு நீலம். பீரோவுக்கும் நீலம். வீட்டுச் சாவிக்குப் பச்சை. சின்னவன்தான் இன்னும் வாடகை வீட்டில் அல்லாடுகிறான். கடைச் சாவிக்குச் சிவப்பு. பெரியவன் மெக்கானிக், மெஷின்களை அவன்தானே கட்டி மேய்க்க முடியும்? கட்டி முடித்தால் நிம்மதி வரும் என்று பார்த்தார். வரவில்லை. பச்சையை அவிழ்த்தார். மறுபடி அதையே கட்டினார்.

பிள்ளைகள் வந்தார்கள். நூலைப் பார்த்ததும் பெரியவன் முகம் வெளுத்து, டாக்டர் ஏதாவது சொன்னாரா என்று கேட்டான். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை, உயிலுக்காகத்தான் என்று சொல்லி முடிப்பதற்குள் அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டியது. மகள் கடைச் சாவியைக் கையில் எடுத்தாள். சிவப்பு நூலைப் பார்த்தாள், கீழே வைத்தாள். சமையலறைக்குப் போய், கழுவி வைத்திருந்த தம்ளர்களையே மறுபடி கழுவ ஆரம்பித்தாள்.

படிப்பை முடித்த நாளிலிருந்து கடையில் அம்மாவுக்கு வலது கையாக நிற்பவள் அவள். இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு இரண்டு கையிலும் இருக்கிறது. அம்மா அதை மறக்கவில்லை. ஆனால் கட்டிக்கொடுத்த பெண். என்றைக்காவது ஒருநாள் போதும் என்று போய்விடுவாள் என அவராகவே முடிவு கட்டியிருந்தார்.

"கடையை வச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்றது? வித்துடுவேன்" என்றான் பெரியவன், வெள்ளந்தியாக.

சமையலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. மகள் ஈரக்கையோடு வந்தாள்.

"அம்மா, நம்ம கடையில 'இது உங்க துணிதானா'ன்னு ஆளைக் கேக்காம என்னைக்காவது நூல் கட்டியிருக்கோமா?"

அம்மாவுக்குச் சுருக்கென்றது. வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் அவர் முதலில் சொல்லிக்கொடுப்பதே அதைத்தான்.

"எனக்கு நகை வேணாம். கடை வேணும்" என்றாள் மகள்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. அப்போ நான் மட்டும் இளிச்சவாயனா என்று பெரியவன் குரலை உயர்த்தினான். வீடு தனக்கு மட்டும் என்றால் மற்ற இரண்டு பேரும் விருந்தாளி மாதிரி வந்து போவார்கள், அப்படியொரு வீடு தனக்கு வேண்டவே வேண்டாம் என்று சின்னவன் முறுக்கிக்கொண்டான். யாருக்கு சைக்கிள் வாங்கிக் கொடுத்தார்கள், யார் பழைய சட்டையையே போட்டு வளர்ந்தார்கள் என்று ஆதிகாலத்துக் குறையெல்லாம் கிளம்பி வந்தது. எதற்குப் பயந்தாரோ அது கண்ணெதிரிலேயே நடந்தது. அம்மா ஓடிப்போய்க் கத்தரிக்கோலை எடுத்து வந்து, ஒவ்வொரு நூலாக வெட்டி மேசையில் போட்டார்.

"சண்டை போடுங்க. நான் இருக்கும்போதே போட்டு முடிச்சிடுங்க" என்றார். "எங்கப்பா எனக்கும் அக்காவுக்கும் அதுக்குக்கூட வழி வைக்கல. உங்களைக் கேக்காம முடிவு பண்ணினது என் தப்பு. யாருக்கு என்ன வேணுமோ வாயைத் திறந்து சொல்லுங்க."

சொன்னார்கள். சாப்பாடு ஆறிப்போகிற வரைக்கும் சொன்னார்கள். அம்மா மூன்று பேருக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தார். கடைசியில் கடை மகளுக்கு, கீழ்வீடு சின்னவனுக்கு, மாடியும் நகையும் பெரியவனுக்கு என்று படிந்தது. நாளைக்கே எல்லோருமாக வக்கீலைப் பார்ப்பது என்றும் முடிவானது. பெரியவனுக்கு முழுத் திருப்தி இல்லை. உர்ரென்று வாசலுக்குப் போய் செருப்பை மாட்டினவன், தங்கையைத் திரும்பிப் பார்த்தான்.

"மெஷின் நின்னுபோனா என்னைத்தான் கூப்பிடணும். வெளியாளைக் கூப்பிட்டேன்னு தெரிஞ்சுது, அப்புறம் உன்கூடப் பேசமாட்டேன்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் அம்மாவுக்கு உயிரே போய்விட்டது. அதே வாசல். அதே வார்த்தை.

மகள் சிரித்தாள். "நாளைக்குக் காலையிலேயே வாண்ணா. பெரிய மெஷின் ஒரு வாரமா முனகிக்கிட்டே கிடக்கு."

"ஒரு வாரமாவா? இப்பதான் சொல்றியா?" என்று திட்டிக்கொண்டே அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.

அம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கத் தோன்றவில்லை.