இராசதுரையின் இலவசக் கச்சேரி

அன்று பின்னேரம் நாலரைக்கு மண்டபத்துக்குள் இருந்தவர்கள்: இசைக் கழகத்தின் செயலாளர் ஸலாஹுதீன், பொருளாளர் மஜீட், தபேலா வாசிக்கும் குணம். சொறிக்கல்முனையிலிருந்து வண்டில் பூட்டி வந்த தங்கராசாவும் அவன் மைத்துனன்மாரும். பாண்டிருப்பு மீன்காரர்கள், நாவிதன்வெளி வேளாண்மைக்காரர்கள். சந்தைப் பக்கத்துப் பெண்கள் ஒரு கூட்டம், அவர்களுக்கு முன்னால் பாத்தும்மா. பள்ளிவாசல் நிருவாகிகளான மரைக்காயர் இருவர். யாரோடு வந்ததென்று தெரியாத ஒரு ஆடு. கதிரை கிடைக்காமல் சுவரோடு நின்றவர்களுக்குக் கணக்கில்லை.

வராதவர் ஒருவர்தான்: பாட வேண்டிய இராசதுரை.

ஸலாஹுதீன் மேடையோரம் நின்று சனத்தைப் பார்த்தான். ஒரு கதிரைகூட வெறுமையாக இல்லை.

மாதம் ஒரு முறை காசு வாங்காமல் பாட்டு நடத்துவது கழகத்தின் வேலை. அதற்கு மண்டபத்தைச் சும்மா தந்திருந்தவர் ஊர்ச் சபைத் தலைவர் காலிதீன் ஹாஜியார். எழுபத்தெட்டுக் கார்த்திகைச் சூறாவளி அடித்து மூன்று மாதமாகியும் ஊரில் பாதி வீட்டுக்குக் கூரையில்லை. மண்டபத்துக்கு இருந்தது.

"போன மாசம் ஏழு பேருக்குப் பாடினீங்களாம். அதுல மூணு பேர் ஒங்கட மச்சான்மாராம்" என்று ஹாஜியார் நேராகவே கேட்டிருந்தார். "நிவாரணக் கோதும மாவ அடுக்க எனக்கு இடமில்ல தம்பி. இந்த முற நானே வந்து பாப்பன். கதிர வெறுமையாக் கிடந்தா நாளைக்கே மண்டபத்தத் தந்திரணும்."

பாட்டைவிட மா பெரிது என்பது ஸலாஹுதீனுக்கும் தெரியும். ஆனால் மண்டபம் போனால் கழகமும் போகும். ஆர்மோனியத்தை மழையில் வைத்தா வாசிப்பது?

"பாத்தியா மச்சான், என்ட வாய்ட பறக்கத்த?" என்றான் மஜீட், சனம் நிறைந்தது தன் வாயின் அருள்தான் என்பது போல. முதல்நாள் காரில் ஒலிபெருக்கி கட்டி ஊரூராக அறிவித்தவன் அவன்.

பாத்தும்மா மேடைக்கு வந்தாள். "மகன், எந்த மேசைல குடுக்கிற?"

"எத ராத்தா?"

அவள் ஒரு பையைத் தூக்கிக் காட்டினாள். உள்ளே மழையில் ஊறிக் காய்ந்த பங்கீட்டுக் கூப்பன் புத்தகமும் மடித்த கடதாசிகளும் இருந்தன. "கூரத் தகடு கேட்டு எழுதினது. ரெண்டு மாசமா அலையிறன். இண்டைக்குக் கச்சேரியே இஞ்ச வருதாமே? காசும் இல்லையாம்."

ஸலாஹுதீன் மஜீட்டின் பக்கம் திரும்பினான். "நேத்து என்னடா செல்லி அறிவிச்ச?"

"எப்பவும் செல்றதான்."

"எப்பவும் 'இசை நிகழ்ச்சி' எண்டுதானே செல்ற?"

"அதுல ஒரு எடுப்பு இல்ல மச்சான். இந்தியா றேடியோல கச்சேரி எண்டுதான் செல்றாங்க. அதான் 'இராசதுரை அவர்களின் இலவசக் கச்சேரி, அனைவரும் வருக' எண்டன்."

இந்தப் பக்கத்தில் கச்சேரி என்றால் யாருக்கும் பாட்டு ஞாபகம் வராது. அரசாங்கக் கந்தோருக்குத்தான், அரச அதிபரின் அலுவலகத்துக்குத்தான், அந்தப் பெயர். போதாததற்கு, இராசதுரை அந்தக் கந்தோரில் நிவாரணப் பகுதிக் கிளாக்கர். அவருடைய மேசைக்கு முன்னால் தொடங்கும் வரிசை றோட்டில் போய் முடியும். பாதிப் பேருக்கு முறை வருமுன் கந்தோர் பூட்டிவிடும்.

"வாய மூடிட்டு இரி" என்று மஜீட் காதுக்குள் சொன்னான். "ஹாஜியார் வந்து பாத்திட்டுப் போகட்டும். மறுகா செல்லுவம்."

புத்தியான யோசனைதான். ஆனால் பாத்தும்மா பதிலுக்காக அவன் முகத்தைப் பார்த்தபடி அங்கேயே நின்றாள். அவன் மைக்கைப் பிடித்தான். இது கந்தோர்க் கச்சேரி இல்லை, பாட்டு, எங்கள் பிழை, மன்னியுங்கள் என்று சொல்லி முடித்தான்.

மண்டபம் வெடித்தது.

"பாட்டா? வண்டில் பூட்டி வந்தது பாட்டுக் கேக்கவா? மச்சான், மாட்டப் பூட்டு, திரும்புவம்!" என்று கத்தினான் தங்கராசா.

"கூரையில்லாத சனத்துக்கு ஆர்மோனியமாம்!" என்றார் மரைக்காயர் ஒருவர்.

கதிரைகள் கிறீச்சிட்டன. அசையாதவள் பாத்தும்மா மட்டும்தான். "ஒண்டு செல்லு மகன். இராசதுரை ஐயா வருவாரா, வரமாட்டாரா?"

"வருவார். பாடத்தான் வருவார்."

"பாடட்டுமே. மேடைல இரிக்கிற மனிசன் எங்க ஓடப்போறார்? பாடி முடியப் புடிப்பம். இரிங்க புள்ளைகள்."

பெண்கள் மறுபடி கதிரையில் இருந்தார்கள். தங்கராசா வாசலில் நின்று யோசித்தான். கந்தோர் வரிசையைவிடக் கதிரை சுகம் என்று பட்டிருக்க வேண்டும். அவனும் திரும்பி வந்து இருந்தான். மற்றவர்களும் அப்படியே.

பின்கதவால் எட்டிப் பார்த்த இராசதுரையின் முகத்தில் முதலில் சந்தோஷம் வந்தது. பிறகு பைகளைக் கண்டார்.

"நான் வீட்ட போறன்."

ஸலாஹுதீன் அவருடைய சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நடந்ததைச் சொன்னான்.

"தம்பி, காலமை எட்டு மணியிலிருந்து எனக்கு இந்த முகங்கள்தான். மாசத்தில ஒரு பின்னேரமாவது கடதாசி இல்லாம இருப்பம் எண்டுதான் உங்களிட்ட வாறன்."

"தெரியும் ஐயா. நீங்க இப்ப போனா மண்டபம் மாவுக்குப் போயிரும். மறுகா அந்த ஒரு பின்னேரமும் இல்ல."

இராசதுரை சைக்கிளைச் சுவரில் சாத்தினார். "பாடி முடிஞ்சாப் பிறகு வாங்குறன். முதல் முடியட்டும்."

முடியட்டும் என்று சொன்னாரே தவிர, முடிக்கவில்லை. வழக்கமாக ஆறேழு பாட்டோடு தொண்டை கட்டிவிட்டது என்று இறங்கிவிடுவார். அன்று ஒரு பாட்டு அடங்க, சனம் பைகளைத் தூக்க, அவர் அடுத்த பாட்டைப் பிடித்துவிடுவார். கோயில் பாட்டு, கப்பல் பாட்டு, கூத்துப் பாட்டு, பள்ளிக்கூடத்தில் படித்த பாட்டு என்று ஒன்றையும் விடவில்லை.

"ஐயா, விரல் வீங்கிற்று" என்றான் குணம்.

"அடி" என்றார் இராசதுரை.

பாடுகிறவர் நிறுத்தத் தயாரில்லை, கேட்கிறவர்கள் போகத் தயாரில்லை. நடுவில் எப்போதோ தங்கராசாவின் கால் தாளம் போடத் தொடங்கியது. அவன் அதைக் குனிந்து பார்த்து முறைத்தான். கால் கேட்கவில்லை.

அந்த நேரம்தான் காலிதீன் ஹாஜியார் வந்தார். இருக்க இடமில்லாமல் ஸலாஹுதீனோடு சுவரில் சாய்ந்தார். சனத்தில் ஒருவர் கண்ணும் பாடகரை விட்டு விலகவில்லை.

"இப்பிடி உத்துக் கேக்கிற சனத்த நான் கண்டதில்ல" என்றார் மெதுவாக.

ஒருமுறை உண்மை சொன்ன ஸலாஹுதீனின் வாய் மறுபடியும் திறந்துகொண்டது. "ஹாஜியார், இவங்க பாட்டுக்கு வரல்ல. கூரத் தகட்டுக்கு வந்தவங்க." மிச்சத்தையும் சொன்னான்.

ஹாஜியார் மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். வயிறு குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார்.

"என்ட கூட்டத்துக்கு மட்டும் என்ன, என்ட முகத்தப் பாக்கவா வாறாங்க? கதிர நிறையணும் எண்டன், நிறஞ்சிரிக்கு. மண்டபத்த நீங்களே வெச்சிருங்க. நான் சந்தைப் பக்கத்துக் களஞ்சியத்தில ஓட்டய அடச்சிட்டு மாவ அடுக்கிறன்."

ஸலாஹுதீன் சுவரோடு நிலத்தில் குந்தி, அன்று முதல்முறையாகப் பாட்டைக் கேட்டான்.

மஃரிபுக்கு, அந்திநேரத் தொழுகைக்கு, பாங்கு கேட்டது. இராசதுரையின் கை ஆர்மோனியத்தில் நின்றது. இனிப் பாடிக்கொண்டிருக்கச் சாட்டு இல்லை. முஸ்லிம் ஆண்கள் தொழப் போனார்கள். அவர் மேடையோரத்தில் காலைத் தொங்கப்போட்டு, "ஒவ்வொருத்தரா" என்று கை நீட்டினார். குரல் கரகரத்தது. ஏசவில்லை. ஒப்பம் இல்லாததற்கு எங்கே வாங்க வேண்டும் என்று சொன்னார், சரியானதை அடுக்கினார்.

பாத்தும்மா போகும்போது ஸலாஹுதீனிடம் நின்றாள். "அடுத்த மாசமும் இரிக்கா?"

"பாட்டுத்தான் ராத்தா இரிக்கும்."

"அதத்தான் கேக்கிறன்" என்று முக்காட்டை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

சனம் வடிந்தது. ஆட்டையும் யாரோ கொண்டுபோனார்கள். கடைசியாக இராசதுரை கடதாசிக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசற்படியில் நின்றார்.

"நாளைக்கு ஒருத்தருக்கும் பதில் சொல்லேலா தம்பி. தொண்டை போயிற்று" என்றார். குரலுக்குப் பதில் காற்றுத்தான் வந்தது. "நாள் முழுக்கக் கதைக்கத் தேவையில்ல." முகம் முழுவதும் சிரிப்பு.

அவர் படியிறங்கியதும் ஸலாஹுதீன் கதவைச் சாத்திப் பூட்டினான்.