அதே வண்டிக்கு ஒரு டிக்கெட்

சவுரிராயனின் உயிருக்கு ரயில்வே எட்டு லட்சம் ரூபாய் தரும். ஆனால் பத்து ரூபாய் டிக்கெட் ஒன்று அவர் சட்டைப் பையில் இருக்க வேண்டும்.

"இல்லன்னா சல்லிக்காசு பேராது. ஜல்தி கேளு செல்வி, ஜனம் போய்க்கினே இருக்குது பாரு," என்றார் பெரியதம்பி மாமா.

விழுப்புரம் ஸ்டேஷன் வாசலில் ஆரோக்கியசெல்வி வழிமறித்து நின்றாள். திண்டிவனத்திலிருந்து வந்த மின்சார ரயில் முக்கால் மணி நேரம் தாமதம். விக்கிரவாண்டிக்கு முன்னால் படியிலிருந்து விழுந்து இறந்த அவள் அப்பா சவுரிராயன், அதே வண்டியின் கடைசிப் பெட்டியில், இன்னும் இறக்கப்படாமல் கிடந்தார். அப்பாவின் போனிலிருந்து ரயில் கார்டுதான் பேசித் தகவல் சொன்னார்.

"சாவுறவன் ஞாயித்துக்கெழம சாவக்கூடாதா? இன்னிக்கு அர நாள் லீவு போச்சு," என்று சொல்லிக்கொண்டே ஒருவர் அவளை இடித்துக்கொண்டு போனார்.

அப்பா டிக்கெட் எடுத்திருக்க மாட்டார். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. போன மாதம் அவளைப் பார்க்க வந்தபோது பரிசோதகரிடம் மாட்டினார். அபராதத்தை அவள்தான் கட்டினாள். "இந்த வயசுல திருட்டு ரயிலு கேக்குதா? அசிங்கமா இல்ல உனக்கு?" என்று எல்லார் முன்னாலும் கத்தினாள்.

"அண்ணே, இந்த வண்டி டிக்கெட்டு இருந்தா குடுங்கண்ணே. எங்கப்பா..."



லேப்டாப் பை மாட்டிய ஒருவன் நின்றான். "எதுக்குன்னு தெரியும் மேடம். ரெண்டாயிரம் குடுங்க."

மாமாவுக்குப் பழைய இரும்புக் கடை. துக்க முகத்தை மடித்து வைத்துவிட்டுக் கடை முகத்தை எடுத்துக்கொண்டார். "பத்து ரூபா காயிதம் தம்பி. எறநூறு."

"என் கையில காயிதம். உங்க கைக்கு வந்தா எட்டு லட்சம் சார். ஆயிரம்."

"துக்கத்துல நிக்கிறோம்பா."

"அதனாலதான் ஆயிரம்."

ஐந்நூறுக்குப் படிந்தது. போனில் பணம் ஏறிய சத்தம் கேட்ட பிறகுதான் அவன் டிக்கெட்டை விட்டான். போகும்போது, "ஆழ்ந்த இரங்கல் மேடம்," என்றான்.

ஸ்ட்ரெச்சர் வந்தது. "மச்சான்!" என்று அலறிக்கொண்டு மாமா அதன்மேல் விழுந்தார். எழுந்தபோது அவர் கையில் டிக்கெட் இல்லை. விரலில் ஒட்டிய ரத்தத்தை, போர்த்தியிருந்த துணியிலேயே துடைத்தார்.

ரயில்வே போலீஸ் ஏட்டு பெஞ்சில் உட்கார்ந்து நோட்டை விரித்தார். சட்டைப் பையிலிருந்து டிக்கெட் வந்தது. மாமா கண்ணை மூடிக் கும்பிட்டார்.

கார்டு ஒப்படைத்திருந்த போனின் உறையை ஏட்டு கழற்றினார். உள்ளே, நான்காக மடித்த இன்னொரு டிக்கெட்.

இரண்டையும் அருகருகே வைத்தார். இரண்டும் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம், இன்றைய தேதி. நேரத்தில் மட்டும் ஏழு நிமிடம் வித்தியாசம்.

"கூட யாரு வந்தாங்க?"

மாமா வாயைத் திறந்தார். ஏட்டு அவரைக் கையமர்த்தினார்.

"உன்னத்தாம்மா கேக்கறேன். தனியாவா வந்தாரு?"

செல்வி, மடிப்புக் கலையாத அந்த டிக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தனியாத்தான் வந்தாரு."

ஏட்டு மாமாவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுதியதை உரக்கப் படித்துவிட்டு, கையெழுத்துப் போட அவளிடம் பேனாவை நீட்டினார்.

ரொக்கம், நூற்று நாற்பது. கண்ணாடி, ஒன்று. கைபேசி, ஒன்று. பயணச்சீட்டு, இரண்டு. ஆள், ஒன்று.