மேலே வந்த சூடு

நெசவு நூலுக்குக் கஞ்சி போடும் பட்டறையில் விடியுமுன்பே அக்காவுக்குத் தோள் விட்டுப்போயிற்று. கஞ்சியில் ஊறிய நூல்கட்டைத் தூக்கித் தூக்கிக் கம்பியில் போடுவது லேசுப்பட்ட வேலையா? முன்பெல்லாம் துடுப்புப் போட்டுத்தான் கிண்டுவார்கள். தொட்டியின் அடியில் நீராவிக் குழாய்; கெட்டிக் கஞ்சி அடியில் கொதிக்கும், மேலே வெதுவெதுவென்று கிடக்கும். தொட்டி முழுக்கச் சூடேறும்வரை இடுப்பை நிமிர்த்தவாவது நேரம் இருந்தது. இந்த வாரம் முதலாளி தொட்டிக்குள்ளே கஞ்சியைக் கலக்கும் விசிறி மாட்டிவிட்டார். அது அடிச்சூட்டை மேலே தள்ளி ஒரே சீராகக் கலக்கியது. பாதி நேரத்தில் தொட்டி தயார். கூலி மட்டும் பழைய கூலி. விசிறி வந்தால் வேலை குறையும் என்றார்கள். குறைந்தது மூச்சுவிடும் நேரம்தான்.

கஞ்சிக்குள் நழுவிய நூல்முனையை எடுப்பது தங்கையின் வேலை. மேல்கஞ்சியில் கைவிட்டுத் துழாவித்தான் எடுப்பாள். விசிறி வந்தபின் முனை நழுவியது அன்றுதான் முதல்முறை. அரைத் தூக்கத்தில் அன்றும் பழக்கதோஷத்தில் முழங்கைவரை விட்டாள்.

அலறல் கேட்டு எல்லோரும் ஓடிவந்தார்கள். கஞ்சி தோலோடு ஒட்டியிருந்தது. தண்ணீரை ஊற்றி, வண்டியேற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கூடவே ஏறப்போன அக்காவை முதலாளி தடுத்தார்.

"கொதிக்கிறதுல யாராச்சும் கைய விடுவாங்களா? கண்ணு பொடனியிலயா இருக்கு?"

"மேல கொதிக்காதுன்னுதானேய்யா விட்டா! சூட்ட மேல கொண்டாந்தது நீங்க. ஒரு வார்த்தை சொன்னீங்களா? முனைய எடுக்க ஒரு கொக்கி வாங்கிக் குடுத்தீங்களா?"

"அதெல்லாம் அப்புறம். அவ இடத்துல நீ நில்லு. முடியாதுன்னா ரெண்டு பேரும் வீட்டோட இருங்க."

வீட்டில் உலை கொதிப்பது இந்த இரண்டு பேர் கையால்தான். அதில் ஒருத்தி கை வெந்துவிட்டது. பாழும் வயிறு அக்காவைத் தொட்டிப்பக்கம் நடத்தியது. விளிம்பில் நின்றாள். கை இறங்க மறுத்தது.

"மாட்டேன்யா," என்றாள்.

நீராவி குடித்தே குரல் கம்மிப்போன ஒருவன் அங்கே இருந்தான்; தொண்டைகட்டி என்றே பெயர். அவன் எழுந்து நீராவிக் குழாயைத் திருகி மூடினான். சீறல் நின்றது.

"கொக்கி வரட்டும்," என்றான் கரகரவென்று. "அந்தப் பொண்ணு கை ஆறுறவரைக்கும் கூலியும் வரட்டும். அப்புறம் தொறக்கலாம்."

"உன்னையும் நிறுத்திடுவேன்!"

"அப்போ எங்களையும் சேர்த்து நிறுத்துங்க," என்றாள் கம்பியோரம் நின்றவள், நூல்கட்டைக் கீழே போட்டு. ஒவ்வொருவராகத் தொட்டியைச் சுற்றி வந்து நின்றார்கள். வீறாப்பு ஒன்றுமில்லை, எல்லோருக்கும் அலுப்பு. முதலாளி போனைத் தேடிக்கொண்டு உள்ளே போனார். யாரைக் கூப்பிடுவாரோ, நாளை கதவு திறக்குமோ, யார் கண்டது? கஞ்சியின்மேல் ஆடை படியத் தொடங்கியிருந்தது.

அக்கா வாசலைப் பார்த்தாள், இவர்களைப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போ தாயி," என்றான் தொண்டைகட்டி. "உன் இடத்துல நாங்க நிக்கிறோம்."