செவ்வாய்க்கிழமைப் படகு

ரஞ்சனா ஞானஸ்நானம் வாங்கிய நாளோடு அவளுடைய அப்பா ஜம்புநாதன் அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். காஞ்சன்பாக்கில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோபம் வந்தால் கத்த மாட்டார், விலகிக்கொள்வார். அம்மா மங்களம்தான், அவர் காய்கறி வாங்கப் போகிற நேரம் பார்த்து, போலாரம் வீட்டிலிருந்து மகளுக்குப் போன் செய்வாள்.

"சாப்பிட்டயா? இன்னிக்கு என்ன சமையல்?"

அதற்கு மேல் அந்தப் பேச்சு போகாது. ஆறு வருஷம் இப்படியே ஓடியது.

ரஞ்சனாவின் கணவன் பிரசாத் பக்கத்துத் திருமுல்கேரியில் வளர்ந்த தமிழ்க் கிறிஸ்தவன். மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலையில் இருந்தான். கூடப் படித்தவர்கள் ஒவ்வொருவராக அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, இவன் வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வந்தான். ரஞ்சனா தடுக்கவில்லை. அவளுக்குக் கற்றுக்கொடுக்க வரும். ஜனங்கள் அவள் பேசினால் கேட்டார்கள்.

2008 ஜனவரியில் அந்தமானில் ஒரு சின்னத் தீவிலிருந்து அவர்களைக் கூப்பிட்டார்கள். சுற்றியுள்ள தீவுகளின் சபை ஊழியர்களுக்கு ஐந்து நாள் பயிற்சி. போர்ட் பிளேரிலிருந்து அங்கே செவ்வாயும் சனியும் மட்டும் படகு. செல்போனுக்கு சிக்னல் கிடையாது. சபை மூப்பர் பழனிசாமி வீட்டில் ஒரு லேண்ட்லைன் இருந்தது. கிளம்பும்போது ரஞ்சனா அந்த நம்பரைத் தம்பி கிருஷ்ணாவிடம் கொடுத்திருந்தாள்.

திங்கட்கிழமை பயிற்சி தொடங்கியது. பதினாறு பேர் வந்திருந்தார்கள். அதில் பதினொரு பேர் பெண்கள். சாயங்காலம் ரஞ்சனா அவர்களோடு உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அய்யர் வீட்டுப் பெண் செதில் தேய்க்கிற அழகைப் பார்த்து அவர்கள் சிரிக்க, அவளும் சிரித்தாள். அப்போது பழனிசாமி வந்து பிரசாத்தைப் போனுக்குக் கூப்பிட்டார்.

கிருஷ்ணாதான் பேசினான். "அம்மாவுக்கு ஹார்ட் அட்டாக். ஐசியூல வெச்சிருக்கா. டாக்டர் ஒண்ணும் நிச்சயமாச் சொல்லலை. அக்காவை நாளைக்கே அனுப்பிடுங்கோ."

"சரி" என்றான் பிரசாத்.

போனை வைத்தான். பழனிசாமி என்ன விஷயம் என்று கேட்டார். "அவங்க அம்மாவுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்ல. நானே சொல்லிக்கிறேன் அண்ணா, நீங்க யாரும் சொல்ல வேண்டாம்."

ராத்திரி முழுக்க அவன் ஜெபம் பண்ணினான். காலையில் படகு வந்தது, சாமான் இறக்கியது, ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பிப் போனது. ரஞ்சனா அப்போது வகுப்பில் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை விடிகாலையில் மங்களம் செத்துப்போனாள். ஏழு மணிக்கு கிருஷ்ணா போன் செய்தான். "அக்கா எங்கே இருக்கா? இன்னும் வரலையே?" சனிக்கிழமைப் படகில் வருகிறோம் என்று மட்டும் சொல்லிவிட்டு பிரசாத் போனை வைத்தான்.

அன்றைக்குக் காலை வகுப்பு, சாவு வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்பது. ரஞ்சனாதான் எடுத்தாள். "போனவுடனே வசனம் சொல்லாதீங்க. 'கர்த்தருடைய சித்தம்'னு சொல்லாதீங்க. அவங்க அழட்டும். நீங்க பக்கத்துல இருந்தாப் போதும்" என்று அவள் சொல்ல, பெண்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். பிரசாத் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வகுப்பு முடிந்த பிறகு அவளைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய், அம்மா போய்விட்டதைச் சொன்னான். அன்று காலையில்தான் தகவல் வந்ததுபோலச் சொன்னான். அவள் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். படகு சனிக்கிழமைதான். இரண்டு நாளும் அந்தப் பெண்கள் மாறி மாறி அவள் பக்கத்தில் இருந்தார்கள். யாரும் வசனம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போலாரம் வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. மங்களம் போய் நாலாம் நாள். ஜம்புநாதன் நான்கு நாள் வெள்ளைத் தாடியோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"ஏண்டி இவ்வளவு நாழி?" ஆறு வருஷத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை அது. "புதன்கிழமை ராத்திரி வரைக்கும் அவளுக்கு நெனவு இருந்தது. வாசல் பக்கமே பார்த்துண்டிருந்தா."

"எனக்கு வியாழக்கிழமைதாம்ப்பா தெரியும்."

கிருஷ்ணா நிமிர்ந்து பார்த்தான். "என்னக்கா சொல்றே? திங்கட்கிழமையே நான் போன் பண்ணினேனே. இவர் சரின்னாரே. நீ கிளம்பிட்டேன்னு அம்மாகிட்ட நானே சொன்னேன்."

பிரசாத் பெட்டிகளோடு கேட்டுக்கு வெளியே நின்றான். ரஞ்சனா அவனிடம் போனாள்.

"திங்கட்கிழமை போன் வந்ததா?"

"வந்தது."

"படகு போறப்போ உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பயிற்சி நின்னுடும்னா சொல்லலை?"

அவன் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். "அதுவும்தான். ஆனா அது மட்டும் இல்ல. நீ இந்த வீட்டுக்குள்ள ஒரு தடவை வந்துட்டா என்கிட்டத் திரும்ப மாட்டேன்னு பயம். அம்மா பிழைச்சிடுவாங்கன்னு நினைச்சேன். கர்த்தர்கிட்ட ராத்திரியெல்லாம் கேட்டேன்" என்றான்.

"என்கிட்டக் கேட்டிருக்கலாமே?"

அவன் அழுதான். அவள் அழவில்லை. தன் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பதிமூன்றாம் நாள் வரை நடந்த காரியங்களில் சாஸ்திரிகள் கண்ணில் படாமல் அவள் பின்கட்டில் இருந்தாள். யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. அதன்பிறகும் அவள் பிரசாத்தோடு இருந்த திருமுல்கேரி வீட்டுக்குப் போகவில்லை.

மார்ச்சில் பிரசாத் சபையில் எழுந்து நின்று நடந்ததை ஒப்புக்கொண்டான். ஜனங்கள் கண்ணீர் விட்டார்கள். இவ்வளவு தாழ்மை யாருக்கு வரும் என்று பேசிக்கொண்டார்கள். பிறகு நாலு பெண்கள் பஸ் பிடித்துப் போலாரத்துக்கு வந்து, "நீங்களும் மன்னிச்சிடுங்க சிஸ்டர்" என்றார்கள். ரஞ்சனா அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்து அனுப்பினாள்.

ஜூனில் அவள் பக்கத்து ஸ்கூலில் வேலைக்குச் சேர்ந்தாள். பிரசாத் ஊழியத்தை விட்டுப் பழைய சாஃப்ட்வேர் வேலைக்கே திரும்பினான். ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானம் வருவான். ஜம்புநாதன் அவனுக்கு நாற்காலி எடுத்துப் போடுவார். தான் உள்ளே போய்விடுவார். ரஞ்சனாவும் பிரசாத்தும் ஸ்கூலைப் பற்றி, ஆபீஸ் பஸ்ஸைப் பற்றிப் பேசுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் கேட்டான். "இன்னும் ஜெபம் பண்றியா?"

"தினம் பண்றேன்."

"எனக்காக?"

"ஆரம்பிப்பேன். பாதியில நின்னு போயிடறது" என்றாள் ரஞ்சனா.

அவன் ஐந்து மணி பஸ்ஸுக்கு எழுந்தான். அவள் கேட் வரைக்கும் வந்து வழியனுப்பினாள்.