ராணியின் முக்காலியில் நான்

"ராணியோட முக்காலியில நான் உக்கார மாட்டேன் மொக்காடியக்கா. என்னைப் பாத்தா ராணி மாதிரியா—"

"அந்த வெள்ளைக்காரத் துரை ராணியைப் பாத்திருக்கானா என்ன? வாயை மூடிக்கிட்டுக் கழுத்தை—"

"கண்டுபிடிச்சிட்டான்னா?"

"கண்டுபிடிச்சா ராணியைக் கொண்டுபோவான். கண்டுபிடிக்கலைன்னா உன்னை. எது வேணும், சொல்லு மொசிபுடி?"

நான் கழுத்தை நீட்டினேன். நீலமணி மாலை குளிர்ந்து கிடந்தது. எங்கள் மலையில் ராணிக்குக் கணவன் கிடையாது, மனைவிகள்தான். மழையை வரவழைப்பவள் அவள்; மழை கேட்டு வரும் தலைவர்கள் மகளை அவளுக்கு மனைவியாகக் கொடுத்துவிட்டுப் போவார்கள். மொக்காடி மூத்தவள், நான் ஏழாவது. ராணியின் வயதும் உயரமும் எனக்குத்தான் இருந்தது.

வேலிக்கு வெளியே கோவேறு கழுதை வண்டி நின்றது. போன அறுவடைக்கு எதிர்மலைத் தலைவரை ஏற்றிப் போனதும் அதே வண்டிதான். அவர் திரும்பவில்லை. போர்வை மட்டும் வந்தது.

ராணி பழைய ஆட்டுத்தோலைச் சுற்றிக்கொண்டு, சோளக் கள் பானைக்குப் பக்கத்தில் அகப்பையோடு வந்து உட்கார்ந்தாள்.

"ஐயோ, ராணிம்மா! நீங்க குகைக்குப் போய் ஒளிஞ்சுக்குங்க."

"என்னைப் பிடிக்க வந்தவன் மூஞ்சியை நான் பாக்க வேணாமா? என் முற்றத்துல நான் இருக்கேன். நீ என் பக்கம் திரும்பாம இரு, போதும்."

அவளிடம் யார் வாதாட முடியும்?

ராணி இருமினாலும் தும்மினாலும் முற்றத்தில் இருப்பவர்கள் அவள் பக்கம் திரும்பி மண்டியிட்டுக் கைதட்ட வேண்டும். தாய்ப்பால் குடிக்கும்போதே பழகிய பழக்கம். ஒத்திகைக்கு நான் இருமினேன். ஒருவரும் அசையவில்லை. மொக்காடி பக்கத்திலிருந்தவளின் தொடையைக் கிள்ளினாள்.

"தட்டுங்கடி! இன்னிக்கு இவதான் ராணி."

"இவளா? நேத்து என் மாவைத் திருடித் தின்னவ!"

சிரித்துக்கொண்டே தட்டினார்கள். நானும் சிரித்தேன்.

துரை வந்தான். பின்னால் அவன் பேச்சைப் பெயர்த்துச் சொல்லும் செலேலோ, சமவெளிக்காரன்.

"நிலம் அளக்க வந்தவங்களை ஏன் துரத்தினீங்கன்னு துரை கேக்கறார்."

சொல்லிக்கொடுத்ததைச் சொன்னேன். "மழை வரட்டும். அப்புறம் பேசிக்கலாம்."

"மழையை எப்ப அனுப்புவீங்கன்னு கேக்கறார்."

துரை சிரித்தான். புகைக்குழாயைப் பற்றவைத்தான். காற்று பானைப் பக்கம் வீசிக்கொண்டிருந்தது. புகை போகிற வழியை நான் பார்த்தேன். பார்க்கக் கூடாது என்று தெரிந்தும் பார்த்தேன்.

தும்மல்.

முற்றத்தில் நாற்பது பேர் இருந்தோம். நாற்பது பேரும் பானையின் பக்கம் திரும்பி மண்டியிட்டுக் கைதட்டினோம். முழங்காலில் சரளைக்கல் குத்திய பிறகுதான், நான் முக்காலியில் இல்லை என்பதே எனக்கு உறைத்தது.

கைதட்டல் ஒவ்வொன்றாய் அடங்கியது. ராணியின் அகப்பையிலிருந்து கள் சொட்டிக்கொண்டிருந்தது. மொக்காடியின் விரல்கள் என் தோளில் பதிந்தன. பிடித்து உட்கார வைக்கவா, எழாமல் அழுத்தவா, அவளுக்கே தெரியவில்லை.

துரை குழாயை வாயிலிருந்து எடுத்தான். காலி முக்காலியைப் பார்த்தான். பானையைப் பார்த்தான். பிறகு ஏதோ சொன்னான். கோபமே இல்லாத குரல்.

செலேலோ என் பக்கம் திரும்பினான்.

"கள்ளு ஊத்தற அந்தம்மா பேரு என்னன்னு துரை கேக்கறார்."