ஆயிரம் கூடையில் ஒன்று

சிலுவையம்மாள் இரும்பு மருந்தைக் குடிக்க மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றாள். பிள்ளை பெற்றதில் ரத்தமெல்லாம் போய், முகம் சுண்ணாம்பு பூசின சுவராக வெளுத்துக் கிடந்தது. ரத்தத்தில் இரும்பில்லை, இதைக் குடிக்காவிட்டால் ஆள் தேறாது என்று டாக்டரம்மா கண்டித்துச் சொல்லியிருந்தாள்.

"துருப்புடிச்ச ஆணிய ஊறவெச்சா மாரி கீதுயா. தொண்டையில எறங்கல."

புருஷன் இன்னாசிக்கு அதுதான் மனசை அறுத்தது. துறைமுகத்தில் அவன் வேகனிலிருந்து கப்பலுக்குச் சுமப்பதே இரும்பு மண். வேர்வைகூடச் சிவப்பாகத்தான் வழியும். அவன் வீட்டிலா இரும்புக்குப் பஞ்சம்?

அவன் எழுத்துப் படிக்கப் போகும் சங்க மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை ஒரு காலேஜ் வாத்தியார் வேட்டியைத் திரையாகக் கட்டி வானத்தைப் படம் காட்டினார். அங்கேயுள்ள சரக்கையெல்லாம் ஆயிரம் கூடையாக நிறுத்து அள்ளினால், எழுநூற்றுச் சொச்சம் ஹைட்ரஜன். மிச்சத்தில் பெரும்பங்கு ஹீலியம். இரண்டும் லேசான வாயு. இரும்பு தேறுவது ஒரே ஒரு கூடை. அதுவும் நட்சத்திரத்தின் வயிற்றில் வெந்து, அது வெடித்துச் சிதறி வந்ததாம்.

மறுநாள் மத்தியானம் வேகன் நிழலில் கண்ணயர்ந்தான். வானமே கப்பலாகத் துறையில் வந்து நின்றது. கூடையைத் தலையில் ஏற்றினால் கனமே இல்லை. கூடைதான் அவனைத் தூக்கியது. கூட்டாளிகளெல்லாம் எண்ணூர்ப் பக்கமாகப் பஞ்சு போல மிதந்து போனார்கள். கீழே சிலுவை தனியாகப் படுத்திருந்தாள். இறங்க முடியவில்லை. கடைசியாக அந்த ஒற்றை இரும்புக் கூடை தலையில் உட்கார்ந்ததும் கழுத்து நெரிந்தது. கால் தரையைத் தொட்டது.

"இன்னா நைனா, எந்த ஊருக்குப் போய்கினு கீறே? எழுந்துரு!" என்றார் மேஸ்திரி அப்துல் வஹாப்.

சாயங்காலம் ஒரு சிட்டிகை மண்ணைத் துண்டில் முடிந்து வந்து, கஞ்சியில் கலக்கிக் கொடுத்தான்.

"இன்னாயா, கஞ்சி செவந்து கீது?"

"இரும்பு. மருந்துதான் எறங்கலேன்னியே."

"கப்பல் மண்ணயா கரைச்சே? நல்லா கீதுயா உன் வைத்தியம்!"

சிரித்ததிலேயே அவளுக்கு மூச்சு வாங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டாள். இன்னாசிக்குச் சிரிப்பு வரவில்லை. ஆயிரம் கூடையையும் கனவையும் சொன்னான்.

"அந்த ஒரு கூடைதான் என்ன எறக்கிவுட்டுச்சு, சிலுவ. நீ பறந்துடாதே."

அவள் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு, "அந்த பாட்டில எடு" என்றாள்.

மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். முகம் கோணியது.

"நட்சத்திரத்த வேகவெச்சவன் கொஞ்சம் வெல்லம் போட்டிருக்கக் கூடாதா?"

இன்னாசி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வெல்லம் வாங்கக் கிளம்பினான்.